அரக்கோணம் விமானத்தைப் பார்க்க விசாகப்பட்டினம் போன கதை

வடசென்னையில் குடியிருந்துகொண்டு விமானப் பைத்தியமாக இருப்பது கொஞ்சம் சிரமமான காரியம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஏறுகிற, இறங்குகிற விமானங்களின் வயிற்றைப் பார்க்கிற பாக்கியம் ஆலந்தூர், கொளப்பாக்கம் பக்கத்து மொட்டைமாடிக்காரர்களுக்குத்தான். திருவொற்றியூரில் எங்களுக்கு வாய்ப்பது எங்கோ உயரத்தில் நகரும் புள்ளிதான். 2024 அக்டோபரில் விமானப்படை மெரினாவில் சாகசம் காட்டியபோது, கூட்டத்துக்குப் பயந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்று பார்த்தேன். போர் விமானங்கள் கடல்மேல் திரும்பும் வளைவுகள் அங்கிருந்து நன்றாகவே தெரிந்தன. அது ஒரு நாள் விருந்து, அவ்வளவுதான்.

ஆனால் எங்களுக்கென்று ஒரு விமானம் இருந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில், சில நாட்களில் மேற்கே இருந்து ஒரு கனத்த முழக்கம் கிளம்பும். ஜெட்டின் கிறீச்சொலி அல்ல. அடிவயிற்றில் அதிரும் ஓசை. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருக்கும், பிறகு கடல் பக்கம் கரைந்துபோகும். எங்கள் தெருவில் அதற்கு அரக்கோணம் பிளேன் என்று பெயர். அதன் உண்மைப் பெயர் துபோலெவ் து-142 என்பது எனக்குத் தெரிய வந்தது பல வருடங்களுக்குப் பிறகு.

சோவியத் யூனியனிடம் இருந்து இந்தியக் கடற்படை வாங்கிய எட்டு விமானங்கள் அவை. 1988-ல் முதலில் கோவாவுக்கு வந்தன. 1992-ல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் திறந்ததும் இங்கே குடி மாறின. இந்த உருவம் ஏறி இறங்கத் தோதான, நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான ஓடுபாதை அங்கே இருக்கிறது. கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதுதான் அவற்றின் வேலை. 29 ஆண்டுகளில் விபத்தே இல்லாமல் 30,000 மணி நேரம் பறந்து, 2017 மார்ச் 29-ல் ராஜாளியிலேயே ஓய்வு பெற்றன. அவற்றின் இடத்துக்கு 2013-லேயே போயிங் பி-8ஐ வரத் தொடங்கியிருந்தது. இரட்டை ஜெட் என்ஜின் கொண்ட அது சத்தமில்லாமல் போய்விடுகிறது. திறமையில் அது பல படி மேல் என்கிறார்கள், இருக்கட்டும். தெருவே தலைதூக்கிப் பார்க்கிற மாதிரி அது ஒருநாளும் போனதில்லை.

ஓய்வு பெற்ற விமானங்களில் ஒன்று அடுத்த மாதமே, ஏப்ரல் 8-ல், விசாகப்பட்டினத்துக்குப் பறந்தது. அங்கே அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆர்.கே. கடற்கரைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி, டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஆக, மின்சார ரயிலில் போய்வருகிற தூரத்தில் கால் நூற்றாண்டு குடியிருந்த விமானத்தைக் கிட்டத்தில் பார்க்க, நான் ஏறக்குறைய 780 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. இதில் எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. நீளமான கடற்கரை இங்கே இல்லையா, கூட்டம்தான் வராதா?

போவதென்று முடிவானதும் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காசிமேட்டில் விசைப்படகுகளின் டீசல் என்ஜினைப் பிரித்துப் பூட்டியே தலை நரைத்தவர். இந்த மாதிரி இடங்களுக்கு என்னைப்போலப் புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிற இன்னொரு ஆளைக் கூட்டிப்போவதில் பயனில்லை. இரண்டு பேரும் தெரிந்ததையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்போம். கையில் கிரீஸ் பட்டவர் ஒருவர் கூட வந்தால், நீங்கள் பார்க்கத் தவறுகிற இடத்தில் அவர் நிற்பார்.

அவரைக் கிளப்பத் தேதி பார்ப்பதுதான் பெரும்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், என்ஜினை இறக்கிப் பார்க்கிற வேலை முழுதும் அப்போதுதான் நடக்கும். அந்த இரண்டு மாதமும் அவரை அசைக்க முடியாது. அந்த வெயிலில் விசாகப்பட்டினக் கடற்கரையில் நிற்கவும் முடியாது என்பது வேறு விஷயம். டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். டிசம்பர் 4 கடற்படை நாள் என்பதால், அதையொட்டிய நாட்களில் அந்தக் கடற்கரையில் கூட்டம் நெரியும். அதைத் தவிர்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

டிக்கெட் போடும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹவுரா பக்கம் போகிற எல்லா ரயிலும் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் போவதில்லை. உள்ளே போனால் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, வந்த திசையிலேயே கொஞ்ச தூரம் திரும்ப வேண்டும் என்பதால், சில வண்டிகள் ஊருக்கு வெளியே துவ்வாடாவில் நின்றுவிட்டு அப்படியே போய்விடும். அங்கிருந்து நகரத்துக்குப் பஸ் இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் பையும் பெரியவரும் சகிதம் இறங்குவதென்றால் யோசிக்க வேண்டும். நிலையத்துக்கே போகிற வண்டியாகத் தேடி எடுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு இந்தத் தடத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருவொற்றியூரில் இருந்து மெட்ரோ பிடித்து சென்ட்ரல் போய், ரயில் ஏறி உட்கார்ந்தால், அந்த ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ஓடி, திருவொற்றியூர் நிலையத்தை நிற்காமல் கடக்கும். "நம் வீட்டு விளக்கு எரிகிறது பார், அணைக்காமல் வந்துவிட்டாயா?" என்றார் சித்தப்பா. ரயிலில் இருந்து எங்கள் வீடு தெரியாது. அவருக்கு அப்படி ஒரு குசும்பு.

காலையில் இறங்கி, பல் துலக்கி, பெசரட்டு சாப்பிட்டுவிட்டு நேராகக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். அருங்காட்சியகம் நாங்கள் போனபோது வேலை நாட்களில் மதியத்துக்குப் பிறகுதான் திறந்தது. திங்கட்கிழமை முழு விடுமுறை. ஆனாலும் காலையில் ஒருமுறை போய் வருவதில் லாபம் இருக்கிறது. விமானம் சாலையின் நகரப் பக்கத்தில், திறந்த வெளியில் நிற்கிறது. காலை வெயில் கடலில் இருந்து நேராக அதன்மேல் விழும். சாலையில் நின்று முழு உருவத்தையும் படமெடுக்க அதுதான் நேரம். மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், கறுப்பு உருவம்தான் கிடைக்கும். 53 மீட்டர் நீளம், சிறகின் இரு முனைக்கும் இடையே 50 மீட்டர். கைப்பேசிக்குள் அடங்க வேண்டுமென்றால் நன்றாகப் பின்னால் நகர வேண்டும், போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு.

சாலைக்கு எதிர்ப்புறம், மணலில், ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. இதுவும் சோவியத்தில் கட்டிய கப்பல்தான். 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து, 2001-ல் ஓய்வு பெற்று, மறு ஆண்டே அருங்காட்சியகம் ஆனது. பலர் விமானத்தைப் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் கப்பலுக்குப் போகிறார்கள். என் யோசனை நேர்மாறானது. முதலில் நீர்மூழ்கிக்குள் போய் வாருங்கள். து-142 எதைத் தேடி அலைந்தது என்பது தெரியாமல் அதன் கீழே நின்றால், பெரிய விமானம் ஒன்றைப் பார்த்தோம் என்பதோடு போய்விடும்.

குர்சுராவின் உள்ளே ஏழு அறைகள், முன்னிருந்து பின்னாக வரிசையாக. ஓர் அறையில் இருந்து அடுத்ததற்குப் போக வட்டத் துளை போன்ற கதவு. காலைத் தூக்கி வைத்து, முதுகை வளைத்து நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. பெரிய பையை விடுதி அறையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். விளக்கம் சொல்வது ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒப்பிக்கிற குரலில்தான் ஆரம்பித்தார், டீசல் அறை வரும்வரை.

அங்கே சித்தப்பா நின்றுவிட்டார். நெருக்கிப் பூட்டிய டீசல் என்ஜின்கள், நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் போகிற இடைவெளி. காசிமேட்டில் ஆந்திரப் படகுக்காரர்களோடு பழகிக் கற்ற தெலுங்கில் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீருக்குள் இது காற்றுக்கு எங்கே போகும்?" என்பது. வழிகாட்டியின் முகமே மாறிவிட்டது. கப்பல் முழுகியபின் டீசல் ஓடாது, மின்கலத்தில்தான் மோட்டார் ஓடும். மின்கலம் தீர்ந்தால் மேலே வர வேண்டும், அல்லது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்று ஒரு குழாயை வெளியே நீட்டிக் காற்றை இழுத்து டீசலை ஓட்ட வேண்டும். அந்தக் குழாய்க்கு ஸ்நார்க்கல் என்று பெயர். குழாயின் தலை ரேடாருக்குத் தெரியும். என்ஜின் போடுகிற சத்தம் தண்ணீருக்குள் வெகுதூரம் கேட்கும். "அப்படியானால் மூச்சு வாங்க வருகிற நேரத்தில்தான் பிடிப்பார்கள்" என்றார் சித்தப்பா. "அதே" என்றார் வழிகாட்டி. எங்கள் பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு குழந்தை அழுதது. நகர்ந்தோம்.

இந்த ஊருக்கும் நீர்மூழ்கிக்கும் உள்ள கணக்கு பழையது. 1971 போரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடிக்கொண்டு வந்து, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் மூழ்கியது. அந்த ஆண்டு சென்னையிலும் வந்து நின்றிருந்த விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் இருந்தது. அந்தப் போரின் நினைவுச் சின்னமும் இதே கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பிறகுதான் சாலையைக் கடந்தோம். விமானத்துக்குப் போகும் முன் ஒரு கூடம். அவசரப்படுகிறவர்கள் இதை ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிடுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது சோனோபாய். உருளை வடிவக் கருவி, பார்வைக்கு ஒன்றுமில்லை. விமானத்தில் இருந்து பாராசூட்டில் இறங்கும். கடலில் விழுந்ததும் ஒரு பகுதி மிதக்கும், ஒலியைக் கேட்கும் காது கம்பியில் தொங்கிக்கொண்டு ஆழத்துக்குப் போகும். கேட்டதை வானொலி அலையில் மேலே அனுப்பும். இப்படிப் பலவற்றைக் கோலப்புள்ளிபோல வைத்து, எந்தப் புள்ளியில் சத்தம் கூடுகிறது என்று பார்த்தால் கப்பல் போகும் பாதை பிடிபடும். இன்னொரு புலனும் உண்டு. செங்குத்து வாலின் உச்சியில் பின்னோக்கி ஒரு முள் நீண்டிருக்கும். அது காந்தமானி. இத்தனை பெரிய இரும்பு கடலுக்கடியில் கிடந்தால் பூமியின் காந்தப்புலத்தில் வரும் சிறு நெளிவை அது உணரும். விமானத்தின் சொந்த இரும்பு குழப்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அதை உடலில் இருந்து தள்ளி வால் உச்சியில் வைத்திருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து தேடினால் தெரியும். தெரியாதவர்கள் அதை ஏதோ ஆன்டெனா என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

ஏணி ஏறி விமானத்தின் உள்ளே போகலாம், விமானிகளின் இருக்கையை எட்டிப் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால், உள்ளே எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். கூட்டம் தள்ளும், நிற்க விடாது. ஒன்று மட்டும் உறைத்தது. வெளியே இத்தனை பெரிய உருவம், உள்ளே ஆட்கள் இருக்கிற இடம் ஒடுக்கம். மீதியெல்லாம் எரிபொருளும் கருவியும் ஆயுதமும். இங்கே கால் நீட்ட வழியில்லாமல் மணிக்கணக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் முதுகை நினைத்துப் பார்த்தேன்.

வெளியே வந்தபின்தான் எங்களுக்கு உண்மையான வேலை. சித்தப்பா என்ஜினுக்கு நேர் கீழே போய் நின்றார். ஒவ்வோர் என்ஜினுக்கும் முன்னால் ஒன்று, அதன் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொன்று என இரண்டு புரொப்பெல்லர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு இதழ்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டார்: "இரண்டும் எதிரெதிராகச் சுற்றுமா?" எப்படித் தெரிந்தது என்றேன். "முன்னால் இருக்கிற இதழில் தடித்த விளிம்பு எந்தப் பக்கம் பார். பின்னால் இருப்பதில் எந்தப் பக்கம் பார். தடித்த விளிம்புதான் காற்றை வெட்டும்." பார்த்தேன். ஒன்றின் உருண்ட விளிம்பு இடப்பக்கம், மற்றதன் உருண்ட விளிம்பு வலப்பக்கம். முறுக்கும் எதிரெதிர். இந்த விமானத்தின் படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதழின் விளிம்பைப் பார்த்ததில்லை.

காரணத்தையும் அவரே பாதி சொல்லிவிட்டார். ஒற்றைப் புரொப்பெல்லர் படகு நேராகப் போகாது, ஒரு பக்கம் இழுக்கும், சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டை எதிரெதிராகச் சுழலவிட்டால் அந்த இழுப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மீதிப் பாதியை நான் சொன்னேன். முன்னது காற்றைத் தள்ளும்போது கூடவே சுழற்றியும் விடுகிறது, அந்தச் சுழற்சி வீண். பின்னது அதைப் பிடித்து நேராக்கித் தள்ளுவிசையாக மாற்றுகிறது. அதனால்தான் டர்போபிராப், அதாவது டர்பைனால் புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானத்தில் அரிதாகவே காணக் கிடைக்கிற பின்சாய்ந்த சிறகோடு, மணிக்கு 900 கிலோமீட்டருக்கு மேல் இதனால் போக முடிந்தது.

என்ஜினின் பெயர் என்.கே-12. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியப் பொறியாளர்கள், பெர்டினாண்ட் பிராண்ட்னர் தலைமையில், என்ஜின் வடிவமைப்பாளர் குஸ்னெத்சோவின் நிறுவனத்தில் உருவாக்கியது. சேவைக்கு வந்த டர்போபிராப்களில் இன்றுவரை இதை மிஞ்சிய ஒன்று இல்லை. 15,000 என்றதும் சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. காசிமேட்டு விசைப்படகுகளின் குதிரைத்திறனை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டார், "கியர் பாக்ஸ் எப்படித் தாங்கியது?" நல்ல கேள்வி. இந்த என்ஜினைச் செய்தவர்களுக்கும் அதுதான் தலைவலி. டர்பைன் நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மேல் ஓடும், புரொப்பெல்லரோ ஏறக்குறைய 750-தான். அத்தனை திறனையும் குறைத்து, இரண்டு எதிர்த் திசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை அந்தப் பெட்டியுடையது.

ஐந்தரை மீட்டருக்கும் அதிகமான விட்டம், நிமிடத்துக்கு 750 சுற்று, அதோடு விமானத்தின் முன்னோட்ட வேகம். முழு வேகத்தில் பறக்கும்போது மூன்றையும் சேர்த்தால் இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். சிறுவயதில் திருவொற்றியூரில் கேட்ட முழக்கம் இந்தப் புரொப்பெல்லர்களில் இருந்து வந்ததுதான். விமானத்தின் கால்கள் ஏன் இத்தனை உயரம் என்பதற்கும் விடை இதே புரொப்பெல்லர்தான். குட்டையான காலில் நின்றால் இதழ் தரையில் இடிக்கும். சக்கரங்கள் மடங்கிப் போகிற கூடு உள்பக்க என்ஜின்களுக்குப் பின்னால், சிறகுக்கு வெளியே வாலாக நீண்டிருப்பதையும் பாருங்கள்.

விமானத்தின் பராமரிப்பு பற்றிச் சித்தப்பாவுக்கு ஒரு கவலை. ரிவெட் வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். அலுமினியத்தில் உப்புக் காற்று பட்டால் துரு சிவப்பாக வராது, வெள்ளை மாவாக வரும், பெயின்டுக்கு அடியில் இருந்து கொப்பளிக்கும். கடல்மேல் தாழப் பறந்த விமானங்களை இறங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவுவது இதற்காகத்தான். "பறந்துகொண்டிருந்தவரை கழுவினார்கள். இனி யார் கழுவுவது?" என்றார். கடற்கரையில் விமானத்தை நிறுத்துவது அழகுதான். ஆனால் அதற்கு ஒரு கூரை இருந்தால் இன்னும் நெடுநாள் நிற்கும் என்பது என் எண்ணமும்கூட.

போகிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. இரண்டு இடங்களையும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். இந்த விமானத்தின் முன்னோடியைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போகலாம். து-142-க்கு முன்னால் கடலைக் காவல் காத்த சூப்பர் கான்ஸ்டலேஷன் அங்கே நிற்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், வில்லிவாக்கத்துக்குப் பக்கத்தில் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்தில் இதே முறையைப் பழகிப் பார்க்கலாம். அங்கும் ஒரே ஒரு என்ஜினுக்கு முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பியதில் இருந்து சித்தப்பா காசிமேட்டில் இதழின் விளிம்புக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருடைய பட்டறைக்காரர்கள் சிலர் தாங்களும் வருவதாகப் பிடிவாதம் பிடிக்கிறார்கள். தடைக்காலம் முடிந்து, மழையும் ஓய்ந்து, ஜனவரியில் போகலாம் என்று பேச்சு. திங்கட்கிழமையைத் தவிர்த்து, துவ்வாடாவில் இறக்கிவிடாத வண்டியாகப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது.